டி டிரைவுக்குப் போகும் வழி

நம்மூர் வீட்டுக் கணினிகளில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. சி டிரைவில் விண்டோஸ் இருக்கும். அது எப்போது வேண்டுமானாலும் வைரஸ் பிடித்துப் படுத்துக்கொள்ளும், ஃபார்மேட் பண்ண வேண்டிவரும். அதனால் பாட்டு, படம், அக்கா கல்யாண ஆல்பம், புராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் டி டிரைவில். 2000களில் பொறியியல் கல்லூரி விடுதிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுப் பார்த்த தலைமுறைக்கு முதல் அதிர்ச்சி இந்த டி டிரைவில்தான் காத்திருந்தது. லினக்ஸிலிருந்து அதைத் திறக்கலாம், படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். ஒரு ஃபைலை அங்கே சேமிக்கலாம் என்று போனால் முடியாது. படிக்க மட்டும்தான் அனுமதி. கணினி நம்முடையது, வட்டு நம்முடையது, உள்ளே இருக்கும் ஆல்பமும் நம்முடையது. பிறகு யாருடைய அனுமதி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் ஏறக்குறைய முப்பது வருடக் கதை ஒன்று கிடைக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வன்தட்டுக்கு ஃபைல் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண் போட்ட கட்டங்கள். பழைய தட்டுகளில் கட்டத்துக்கு 512 பைட். இன்னின்ன கட்டங்கள் சேர்ந்தது ஒரு ஃபைல், அதன் பெயர் இது, அது இந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்பதெல்லாம் இயங்குதளம் போட்டுக்கொள்ளும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் ஃபைல் சிஸ்டம். ஒருவர் போட்ட கணக்குப் புத்தகத்தை இன்னொருவர் வாசிக்க வேண்டுமென்றால், முதலாமவர் என்ன சுருக்கெழுத்தில் எழுதியிருக்கிறார் என்று தெரிய வேண்டும்.

மைக்ரோசாஃப்டின் முதல் கணக்குப் புத்தகம் எளிமையானது. 1977-ல் மார்க் மெக்டொனால்ட் எழுதிய ஃபேட். அட்டவணை ஒன்று, அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அடுத்த கட்டம் எது என்ற குறிப்பு, அவ்வளவுதான். லினக்ஸ் பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அதற்கு ஃபேட் வாசிக்கவும் எழுதவும் வந்துவிட்டது. விண்டோஸ் 95, 98 காலத்தில் இரண்டு இயங்குதளம் வைத்திருந்தவர்களுக்குப் பெரிய தொல்லை இருக்கவில்லை. (நீண்ட பெயர்களை ஃபேட்டில் எழுதும் முறைக்கு மைக்ரோசாஃப்ட் காப்புரிமை வைத்திருந்தது. 2009 பிப்ரவரியில் டாம்டாம் மீது அதை வைத்து வழக்கும் போட்டது, மார்ச்சில் சமரசமாகியது. அது தனிக் கதை.)

தொல்லை வேறு வாசல் வழியாக வந்தது. டெக் நிறுவனத்தில் வி.எம்.எஸ். இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் கட்லரை மைக்ரோசாஃப்ட் 1988-ல் அழைத்து வந்தது. அவர் தலைமையில் உருவான விண்டோஸ் என்.டி. 3.1, 1993 ஜூலையில் வெளியானது. கூடவே புது ஃபைல் சிஸ்டம், என்.டி.எஃப்.எஸ். டாம் மில்லர், கேரி கிமுரா, பிரையன் ஆண்ட்ரூ, டேவிட் கோபெல் என்ற நால்வர் அதை வடிவமைத்தார்கள். ஐ.பி.எம்.மும் மைக்ரோசாஃப்டும் ஒன்றாக இருந்த காலத்து ஓ.எஸ்./2-வின் ஹெச்.பி.எஃப்.எஸ்.ஸுக்கு இது ஒருவகையில் அடுத்த வாரிசு. உறவு முறிந்த பிறகும் அடையாளம் மிச்சமிருக்கிறது. பழைய பாணி பார்ட்டிஷன் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே வகை எண், 7. இன்றும் லினக்ஸில் எஃப்டிஸ்க் நிரலை ஓட்டினால் இரண்டு பெயரையும் ஒரே வரியில் சாய்வுக்கோடு போட்டுக் காட்டும். விவாகரத்தான பிறகும் ரேஷன் கார்டில் பெயர் நீக்காத மாதிரி.

என்.டி.எஃப்.எஸ். நல்ல வடிவமைப்பு, இதைச் சொல்லியே ஆகவேண்டும். அதில் எல்லாமே ஃபைல்தான். ஃபைல்களின் பட்டியலும் ஃபைல், எந்த இடம் காலி என்ற வரைபடமும் ஃபைல், கெட்டுப்போன கட்டங்களின் பட்டியலும் ஃபைல். இந்தச் சிறப்பு ஃபைல்களின் பெயர்கள் டாலர் குறியோடு தொடங்கும், பயனருக்குத் தெரியாது. நடுநாயகம் எம்.எஃப்.டி. என்ற முதன்மைப் பட்டியல். வழக்கமாக ஒரு பதிவுக்கு 1024 பைட். பட்டியலின் முதல் பதிவு அந்தப் பட்டியலைப் பற்றியதே. கரண்ட் போனாலும் கணக்குக் குலையாமலிருக்க, செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவேடு ஒன்றும் உண்டு.

இவ்வளவும் செய்த மைக்ரோசாஃப்ட், தட்டில் எந்த பைட் எங்கே உட்காரும் என்ற முழு விவரத்தை மட்டும் வெளியிடவில்லை. 1993-ல் அது யாரையும் பெரிதாக உறுத்தவுமில்லை. என்.டி. அலுவலகச் சரக்கு. 2001-ல் எக்ஸ்.பி. வந்துதான் என்.டி.எஃப்.எஸ்.ஸை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது. ஃபேட்32-ல் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது என்பதால் சினிமா சேர்ப்பவர்களும் தாமாகவே மாறினார்கள். டி டிரைவ் பூட்டிக்கொண்டது இப்படித்தான்.

பூட்டை முதலில் தட்டியவர் ஜெர்மானியரான மார்ட்டின் ஃபான் லோவிஸ். 1990களின் நடுவில் தொடங்கி அவர் எழுதிய டிரைவர், 1997-ன் இறுதியில் 2.1.74 கெர்னலில் சேர்ந்தது. இவர் பெயரை வேறிடத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பைத்தான் மொழியில் ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம் என்ற முன்மொழிவு எண் 3131 இவருடையது. பைத்தான் 3-ல் 'மழை = 5' என்று எழுதினால் ஓடுகிறது அல்லவா, அது இவர் புண்ணியம்.

விவரணம் இல்லாத வடிவத்தை எப்படி வாசிப்பது? பொறுமை ஒன்றே வழி. விண்டோஸில் ஒரு ஃபைலை உருவாக்கு. லினக்ஸுக்கு வந்து தட்டைப் பச்சையாக, எண்களாக, கொட்டிப் பார். மறுபடி விண்டோஸ், பெயரில் ஓர் எழுத்தை மாற்று. மறுபடி இங்கே வந்து எந்த பைட் மாறியிருக்கிறது என்று பார். நூற்றுக்கணக்கான முறை இதைச் செய்தால் ஒரு புலம் எதைக் குறிக்கிறது என்ற ஊகம் உறுதியாகும். கல்வெட்டு வாசிப்பவர்கள் செய்வதற்கு நெருக்கமான வேலை. வித்தியாசம் என்னவென்றால் இங்கே கல்வெட்டு வெட்டியவர் உயிரோடு இருக்கிறார், சொல்லத்தான் மாட்டேன் என்கிறார். கிடைத்ததையெல்லாம் தொகுத்து ரிச்சர்ட் ரஸ்ஸன் ஆவணமாக்கினார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஆவணத்தில் சாய்ந்துதான் நின்றார்கள்.

வாசிப்பது ஒன்று, எழுதுவது வேறு. வாசிக்கும்போது தப்பு நடந்தால் திரையில் குப்பை தெரியும். எழுதும்போது தப்பு நடந்தால் ஆல்பம் போய்விடும். ஒரு சின்ன ஃபைலை உருவாக்க என்னென்ன செய்ய வேண்டும் பாருங்கள். முதன்மைப் பட்டியலில் காலிப் பதிவு தேடிப் பிடிக்க வேண்டும். காலியிட வரைபடத்தில் கட்டங்களை முன்பதிவு செய்ய வேண்டும். எந்தக் கட்டத்திலிருந்து எத்தனை என்பதைச் சுருக்க வடிவில் எழுத வேண்டும். பிறகு ஃபோல்டரின் அட்டவணையில் பெயரைச் சேர்க்க வேண்டும். அந்த அட்டவணை மரம்போல் கிளைத்தது. இடமில்லையென்றால் கிளையைப் பிளந்து, மேலே தாய்க்கிளையைத் திருத்தி, சில சமயம் வேர்வரை போகவேண்டும். இதற்கு நடுவே ஒரு குசும்பும் உண்டு. பாதி எழுதும்போது கரண்ட் போனதா என்று கண்டுபிடிக்க, பதிவின் ஒவ்வொரு 512 பைட்டின் கடைசி இரண்டு பைட்டையும் எடுத்து வேறிடத்தில் வைத்துவிட்டு, அங்கே ஒரு வரிசை எண்ணைப் போட்டுவைக்கிறது என்.டி.எஃப்.எஸ். இது தெரியாமல் எழுதினால் பதிவே கெட்டதாகக் கணக்கு. எல்லாம் சரியாகச் செய்தும் பழைய பதிவேட்டைத் துடைக்காமல் விட்டால், அடுத்த முறை விண்டோஸ் வந்து பழைய மாற்றங்களை நம் புது மாற்றங்களின் மேல் மறுபடி நடத்திவிடக்கூடும்.

ஆகவேதான் கெர்னல் அமைப்புப் பட்டியலில் என்.டி.எஃப்.எஸ். எழுதும் வசதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், பெரிய எழுத்தில், ஆபத்து என்றே போட்டிருந்தார்கள். மென்பொருளில் இவ்வளவு நேர்மையான வாசகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்த ஆண்டன் அல்டாபர்மகோவ் டிரைவரை அடியிலிருந்து திரும்ப எழுதினார். ரஸ்ஸனும் கூட இருந்தார். 2002-ல் 2.5.11 கெர்னலில் அது சேர்ந்தது. முதலில் வாசிப்பு மட்டும். பிற்பாடு, ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் உள்ளடக்கத்தை மாற்றலாம், புது ஃபைல் உருவாக்க முடியாது என்ற நிலை. பயந்தாங்கொள்ளித்தனம் என்று அப்போது பலர் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. இலவசமாக வேலை செய்கிறவர், தான் வடிவமைக்காத அமைப்பின்மீது, முகம் தெரியாத ஒருவரின் கல்யாண ஆல்பத்தில் கை வைக்கிறார். 'முடியாது' என்று சொல்வதும் அவர் வேலையில் ஒரு பகுதி.

இந்த இடைவெளியில்தான், என்னைக் கேட்டால், மொத்தக் கதையிலேயே ரொம்பத் துணிச்சலான முயற்சி வந்தது. 2003-ல் யான் க்ராடோக்வில் என்பவர் யோசித்தார். என்.டி.எஃப்.எஸ்.ஸைச் சரியாக எழுதத் தெரிந்த மென்பொருள் உலகில் ஒன்று உண்டு, அது விண்டோஸின் சொந்த டிரைவர். அது பயனரின் சி டிரைவிலேயே கிடக்கிறது. அதையே எடுத்து லினக்ஸுக்குள் ஓட்டினால் என்ன? கேப்டிவ் என்று பெயர், அதாவது கைதி. விண்டோஸ் டிரைவரைச் சுற்றி ஒரு போலி உலகத்தை எழுப்பி, நீ விண்டோஸுக்குள்தான் இருக்கிறாய் என்று அதை நம்பவைத்து வேலை வாங்கினார். விண்டோஸைத் திறமூலமாகத் திரும்ப எழுதிக்கொண்டிருந்த ரியாக்ட்ஓஎஸ் திட்டத்தின் துண்டுகள் அந்தப் போலி உலகத்துக்கு உதவின. மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடியது. கைதி தப்பிக்கவில்லை.

கதவு நிஜமாகவே திறந்தது ஹங்கேரிக்காரரான சபோல்ச் சகாசிச் கையால். இவர் அதற்கு முன்பே என்டிஎஃப்எஸ்ரீசைஸ் என்ற கருவியை எழுதியிருந்தார். விண்டோஸ் பார்ட்டிஷனை, உள்ளே இருப்பது அழியாமல் சுருக்கி, லினக்ஸுக்கு இடம் ஒதுக்கித் தரும் கருவி. அது இல்லாவிட்டால் இரண்டு இயங்குதளம் என்ற ஆசையே பலருக்குக் கைகூடியிருக்காது. 2006 ஜூலையில் அவர் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி-யை அறிவித்தார். 2007 பிப்ரவரி 21-ல் நிலையான 1.0 பதிப்பு. புது ஃபைல், ஃபோல்டர், பெயர் மாற்றம், அழித்தல் எல்லாம். இது கெர்னலுக்குள் இல்லை. மிக்லோஷ் செரெடி எழுதி 2005-ல் கெர்னலில் சேர்ந்த ஃப்யூஸ் என்ற ஏற்பாட்டின் வழியாக, சாதாரண நிரல்போல வெளியே ஓடியது. வேகம் குறைவு, உண்மைதான். ஆனால் தடுக்கி விழுந்தால் அந்த நிரல் மட்டும்தான் விழும், மொத்தக் கணினியும் விழாது. 2007 அக்டோபரில் வந்த உபுண்டு 7.10-ல் இது உள்ளேயே சேர்த்து வந்தது. தபாலில் இலவசமாக வந்த உபுண்டு சிடிக்களை விடுதியில் கைமாற்றிக்கொண்டிருந்த காலம் அது. டி டிரைவில் வலது கிளிக் செய்து புது ஃபோல்டர் உருவாக்க முடிந்தபோது அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. இப்போது சொன்னால் சிரிப்பு வரும்.

நம்பிக்கை எந்த அளவுக்குப் போனதென்றால், 2008-ல் வுபி என்றொரு வழி வந்தது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். பார்ட்டிஷனுக்குள் ஒரு பெரிய ஃபைல், அந்த ஃபைலுக்குள் முழு உபுண்டு. ஆபத்து என்று பலகை மாட்டிய இடத்தில் சில வருடங்களிலேயே குடித்தனம் வந்துவிட்டார்கள்.

இங்கே தமிழைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கெர்னலின் பழைய என்.டி.எஃப்.எஸ். டிரைவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. தட்டில் பெயர்கள் யூனிகோடில் இருக்கும். மவுண்ட் செய்யும்போது யு.டி.எஃப்.-8 என்று சொல்லாவிட்டால், பல அமைப்புகளில் மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுப்புதான் இயல்பு. அதில் தமிழ் கிடையாது. ஃபேட் டிரைவர் இந்த மாதிரி நேரத்தில் கேள்விக்குறிகளைக் காட்டும். என்.டி.எஃப்.எஸ். டிரைவர் அந்தப் பெயரைக் காட்டாமலே விட்டுவிடும், கையேட்டிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. அதாவது 'கட்டுரை' என்று பெயரிட்ட ஃபைல் தட்டில் இருக்கும், பட்டியலில் இருக்காது. விண்டோஸில் தமிழில் பெயர் வைத்தவர் லினக்ஸுக்கு வந்தால் ஃபோல்டர் காலி. ஒரு மவுண்ட் விருப்பத்தைச் சேர்த்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். அது தெரியாதவருக்கு எல்லாம் போயே போய்விட்டது.

இன்னொன்று இன்றைக்கும் இருக்கிறது. 'கட்டுரை' நம் கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடில் 7 குறியீடு. லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4 பெயரை யு.டி.எஃப்.-8 பைட்டுகளாக வைக்கிறது, தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21. ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். என்.டி.எஃப்.எஸ்.ஸிலும் வரம்பு 255தான், ஆனால் அது குறியீட்டை எண்ணுகிறது, பைட்டை அல்ல. ஆகவே விண்டோஸில் 85 குறியீட்டுக்கு மேல் நீளும் தமிழ்ப் பெயர், லினக்ஸ் பக்கம் நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று திரும்பி வரும். அதே நீளத்துக்கு ஆங்கிலப் பெயர் வைத்தவருக்கு இப்படியொரு பிரச்சினை இருப்பதே தெரியாது.

சரி, எழுத வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்தால் 2012-ல் விண்டோஸ் 8 வந்தது. சீக்கிரம் தொடங்க வேண்டும் என்பதற்காக அது ஷட் டவுன் என்பதன் அர்த்தத்தை மாற்றியது. நீங்கள் அணைக்கச் சொன்னால் உங்கள் நிரல்களை மூடும், ஆனால் கெர்னலின் நினைவை அப்படியே தட்டில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். அந்த நினைவில், தட்டில் எது எங்கே இருக்கிறது என்ற அதன் எண்ணமும் அடக்கம். இடையில் லினக்ஸில் நுழைந்து நீங்கள் ஒரு ஃபைலைச் சேர்த்தால் விண்டோஸுக்குத் தெரியாது. எழுந்ததும் பழைய நினைவை நம்பி, நீங்கள் எழுதிய இடம் காலி என்று கருதி, மேலேயே எழுதக்கூடும். அதனால் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி இந்தத் தூக்கத்தைக் கண்டுபிடித்தால் எழுத மறுத்துவிடும். 'விண்டோஸ் உறக்கத்தில் இருக்கிறது' என்ற பொருளில் செய்தி வரும். பயனரோ முறைப்படி அணைத்துவிட்டுத்தான் வந்தேன் என்று சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் உண்மை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற அந்த வசதியை விண்டோஸில் போய் அணைப்பதுதான் வழி. ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை என்பது கூடுதல் வேடிக்கை. ரீஸ்டார்ட்தான் நிஜமான அணைப்பு, ஷட் டவுன் வெறும் தூக்கம்.

மைக்ரோசாஃப்டின் மனமும் மெல்ல மாறியது. 2018-ல் லினக்ஸைச் சுற்றிய காப்புரிமைக் கூட்டமைப்பில் சேர்ந்தது. 2019 ஆகஸ்டில் எக்ஸ்ஃபேட் வடிவத்தின் முழு விவரணத்தை வெளியிட்டது. என்.டி.எஃப்.எஸ்.ஸுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. 2020 ஆகஸ்டில், பல வருடங்களாக என்.டி.எஃப்.எஸ். டிரைவரைக் காசுக்கு விற்றுவந்த பாராகன் நிறுவனம், தன் நிரலைக் கெர்னலுக்குத் தருவதாக அறிவித்து சுமார் 27,000 வரியை ஒரே பேட்சாகத் தூக்கிப் போட்டது. இப்படிப் போட்டால் யார் படித்துப் பார்ப்பது என்று கெர்னல்காரர்கள் கேட்டார்கள், நியாயம்தான். இருபதுக்கு மேற்பட்ட திருத்தப் பதிப்புகளுக்குப் பிறகு, 2021 அக்டோபர் 31-ல் வெளியான 5.15 கெர்னலில் அது என்.டி.எஃப்.எஸ்.3 என்ற பெயரில் சேர்ந்தது. கெர்னலுக்குள்ளேயே முழுமையான எழுதும் வசதி, எக்ஸ்.பி. வந்து இருபது வருடம் கழித்து. 2024-ல் 6.9 கெர்னலிலிருந்து அல்டாபர்மகோவின் பழைய டிரைவரை நீக்கினார்கள்.

எதிர்த் திசையை மறந்துவிடக் கூடாது. லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி. வகைகளுக்கு எந்த ரகசியமும் இல்லை, மூல நிரலே திறந்து கிடக்கிறது. ஆனாலும் லினக்ஸ் வட்டு ஒன்றை விண்டோஸில் செருகினால், இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் பண்ண வேண்டும், பண்ணட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் பாவம். ஈ.எக்ஸ்.டி.2 எஃப்.எஸ்.டி. போன்ற தனியார் முயற்சிகள்தான் வெகுகாலம் கைகொடுத்தன. 2020-ல் மைக்ரோசாஃப்ட் ஒரு வழி செய்தது. விண்டோஸுக்குள் ஏற்கெனவே அது சேர்த்திருந்த லினக்ஸ் துணை அமைப்பில் நிஜமான லினக்ஸ் கெர்னல் ஓடுகிறது. வட்டை அதனிடம் ஒப்படைத்து, அது வாசித்துத் தருவதை விண்டோஸ் வாங்கிக்கொள்ளும். க்ராடோக்வில் 2003-ல் ஒரு டிரைவரைத்தான் கைது செய்தார், இவர்கள் முழுக் கெர்னலையே குடிவைத்துவிட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. வட்டை முழுதாகத்தான் ஒப்படைக்க முடியும், விண்டோஸ் குடியிருக்கும் வட்டை ஒப்படைக்க முடியாது. ஒரே வட்டில் இரண்டு பார்ட்டிஷன் போட்டு இரண்டு இயங்குதளமும் வைத்திருக்கும் மடிக்கணினிக்காரருக்கு இந்த வசதி இன்றும் பயன்படாது.